பழைய சத்ரியாவா, புதிய நியோவா?



பினாங்கு ஜார்ஜ் டவுனில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு இரண்டு பெயர்கள் உண்டு. 1786இல் ஆங்கிலேயர் இத்தீவில் கால்பதித்தபோது இங்கிலாந்தின் பிரதமராக இருந்த வில்லியம் பிட் என்பவரின் பெயரால் அது 'பிட் ஸ்திரீட்' எனப்பட்டது. பெயர்ப்பலகை மாறிப் பல்லாண்டுகள் ஆகியும் மூத்தோர் நாவில் பழைய பெயரே நிற்கிறது. 1801இல் காதர் மொகிதீன் எழுப்பிய பள்ளிவாசலும் தொடக்கத்தில் இன்றைய தோற்றத்தில் இல்லை. நாம் காணும் குவிமாடங்கள் இருபதாம் நூற்றாண்டின் திருத்தப் பணிகளில் வந்தவை.

இச்சாலையில் கடை வைத்திருக்கும் பெற்றோர் ஒருவர், என் முன்னாள் மாணவனின் தந்தை, அண்மையில் என்னிடம் கேட்டார்: "சார், பையன் பழைய சத்ரியா ஜிடிஐதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். அதுக்கப்புறம் வந்த நியோ இருக்கும்போது இருபது வருசத்துக்கு மேல ஓடுன வண்டி எதுக்கு? நீங்க சொன்னா கேப்பான்." தமிழாசிரியனிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது என்று முதலில் தோன்றியது. சிந்தித்துப் பார்த்தால் இது நம் நாட்டு வரலாற்றுக் கேள்வி. விடையை இங்கே விரித்து எழுதுகிறேன்.

புரோட்டோன் நிறுவனம் 1983இல் தோன்றியது. அதன் முதல் மகிழுந்தான சாகா 1985 ஜூலை 9இல் வெளிவந்தது. 'சாகா' என்பது ஒரு மரத்தின் பெயர். அதன் சிவந்த விதையை நாம் மஞ்சாடி என்போம். நம் பொற்கொல்லர் பொன்னை எடையிட்ட விதை அது. (வகுப்பில் இதைச் சொல்லிப் பாருங்கள், மாணவர்கள் மறக்க மாட்டார்கள்.) அதே ஆண்டில் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபோது பிரதமர் மகாதீர் சிவப்புச் சாகாவைத் தாமே ஓட்டிச் சென்றார். பெயரும் கொடியும் நம்முடையவை. வண்டியின் அடித்தளமோ ஜப்பானிய மிட்சுபிஷி லான்சருடையது.

1994இல் வந்த மூன்று கதவுச் சத்ரியாவும் அவ்வழியே மிட்சுபிஷியின் வார்ப்பு. 'சத்ரியா' என்பது 'சத்திரியன்' என்று நாம் வழங்கும் அதே வடசொல்; மலாயில் போர்வீரனைக் குறிக்கும். பெயருக்கேற்ற வீரம் அதற்கு உடனே வந்துவிடவில்லை. 1996இல் புரோட்டோன், இங்கிலாந்தின் புகழ்பெற்ற விளையாட்டு மகிழுந்து நிறுவனமான லோட்டசின் பெரும்பங்கை வாங்கியது. அதன் பயன் 1998இல் சத்ரியா ஜிடிஐ ஆக வெளிப்பட்டது. 1,834 சிசி மிட்சுபிஷி இயந்திரம், ஏறத்தாழ 138 குதிரைத்திறன், ஐந்து நிலைக் கைப்பல்லிணை, ரெக்காரோ இருக்கைகள். வளைவுகளில் வண்டி நிலைகுலையாதபடி அதன் அடித்தாங்கிகளைச் செம்மைப்படுத்தியவர்கள் லோட்டஸ் பொறியாளர்கள். அதை அறிவிக்கும் சின்னமும் வண்டியிலேயே பொறிக்கப்பட்டது. ஆக, ஜப்பானிய இதயம், ஆங்கிலேயக் கால்கள், மலேசிய உடல். இன்றைய இளைஞர்கள் மயங்குவது இந்தக் கலவைக்குத்தான். மயக்கத்தில் நியாயம் உண்டு என்றே நானும் சொல்வேன்.

அந்நாள்களில் புரோட்டோனுக்குப் பந்தயக் களத்திலும் பெயர் இருந்தது. நம் நாட்டுச் சீக்கியர் கரம்ஜித் சிங் 2002இல் உலகப் பேரணிப் பந்தயத்தின் உற்பத்தி மகிழுந்துப் பிரிவில் வாகையர் ஆனார். அவர் ஓட்டிய புரோட்டோன் பெர்ட் வண்டியும் மிட்சுபிஷியின் மறுபெயர்தான்.

இரவல் எத்தனை நாள்? 2004இல் புரோட்டோன் தன் சொந்த இயந்திரமான கேம்ப்ரோவை ஜென்-2 வண்டியில் வெளியிட்டது. 2005இல் பழைய சத்ரியா நின்றது. 2006இல் சத்ரியா நியோ வந்தது. அந்த ஓராண்டு இடைவெளியில்தான் நாம் பேசும் வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கிறது. புதியது என்பதால் நியோ பழையதை விஞ்சிவிடவில்லை. அதன் 1,597 சிசி இயந்திரம் தந்தது ஏறத்தாழ 110 குதிரைத்திறன் மட்டுமே. முதல் கேம்ப்ரோவுக்கு நடுத்தரச் சுழற்சியில் இழுவிசை தொய்ந்துவிடும் குறையும் இருந்தது. லாரியை முந்த மிதியை அழுத்தும் வேளையில் வண்டி ஒரு கணம் தயங்கும்; அந்தக் கணம் சிறியதன்று.

2009இல் வந்த நியோ சிபிஎஸ் இக்குறையைப் பெருமளவு போக்கியது. சுழற்சிக்கேற்ப வால்வுகளைத் திறக்கும் அளவையும், காற்று உட்செல்லும் குழாயின் நீளத்தையும் இயந்திரமே மாற்றிக்கொள்ளும். திறன் 125 ஆயிற்று. எண்ணிக்கையில் அப்போதும் அது ஜிடிஐயை எட்டவில்லை. ஆனால் 2011இல் ஆசிய பசிபிக் பேரணிப் பந்தயப் பட்டத்தை அலிஸ்டர் மெக்ரே வென்றது, நியோவின் பெயரும் வடிவும் தாங்கிய எஸ்2000 பந்தய வண்டியில்தான். 2015இல் நியோவும் நின்றுவிட்டது.

எனவே 'பழையதா புதியதா' என்று கேட்பதைவிட 'எந்த ஆண்டு' என்று கேட்பதே பொருந்தும். 2006 முதல் 2008 வரையிலான நியோவைவிட நல்ல நிலையிலுள்ள ஜிடிஐ மேல். நல்ல நிலையிலுள்ள ஜிடிஐ எங்கே கிடைக்கிறது என்பதுதான் சிக்கல். இருபது ஆண்டு வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டியில் இரப்பர்ப் பகுதிகள் இறுகிப்போயிருக்கும். லோட்டஸ் செய்த வேலை பெரும்பாலும் அந்த இரப்பரைத்தான் நம்பியிருக்கிறது. சாலை வரியையும் பாருங்கள்: தீபகற்பத்தில் தனியார் மகிழுந்துக்கு 1,597 சிசி என்றால் ஆண்டுக்கு 90 ரிங்கிட், 1,834 சிசி என்றால் 297 ரிங்கிட். இத்தனை வயதான வண்டிக்கு வங்கிகள் எளிதில் கடன் கொடுப்பதில்லை. ஆகவே பெற்றோரின் சேமிப்பில் கை வைக்க நேரும். முதன்முதலாகச் சொந்த வண்டி வாங்கும் பிள்ளைக்கு 2009க்குப் பிந்திய சிபிஎஸ் போதும் என்பது என் கருத்து. பட்டறைச் செலவுக்குத் தனியே பணம் வைத்துக்கொண்டு, ஒரு வண்டியைப் பேணுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர் ஜிடிஐயைத் தேடட்டும்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. சாதாரணச் சத்ரியாக்களுக்கு ஜிடிஐயின் வெளியுறுப்புகளைப் பூட்டி விற்பது பல காலமாக நடக்கிறது. வண்டியின் மினுக்கைப் பார்க்குமுன் கிராண்டை வாங்கிப் பாருங்கள். அதிலுள்ள சிசி அளவையும், சேஸி எண்ணும் இயந்திர எண்ணும் வண்டியிலுள்ளவற்றோடு பொருந்துவதையும் உறுதிசெய்யுங்கள். இவற்றையெல்லாம் அந்தத் தந்தையிடம் சொன்னேன். மறுவாரம் அப்பாவும் மகனும் 'அசல் ஜிடிஐ' என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒரு வண்டியைப் பார்க்கச் சென்றார்கள். கிராண்டைக் கையில் வாங்கிப் படித்தவன் மகன். அதில் 1597 என்று இருந்தது.