வற்றுநீரும் மருந்தகமும்: ஜொகூர்க் கரையோரத்தில் குடும்பத் திட்டமிடலும் கடல்வளப் பாதுகாப்பும்

மலேசியாவின் தென்முனையில், ஜொகூர் நீரிணையின் மேற்கு வாயிலில், பூலாவ் மெராம்போங் தீவை ஒட்டி, ஒரு கடற்புல் திட்டு இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் ஆழ வற்றும்போது அதன் முதுகு வெளியே தெரியும். சுற்றுக் கம்போங்குகளிலிருந்து படகில் வருபவர்கள் வாளியோடு இறங்கிக் குனிந்தபடியே நடப்பார்கள். தேடுவது கோங்கோங் என்னும் நத்தையை. புல்லின் வேரடியில் பாசி படிந்து, மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் அதைக் கண்ணைவிடக் கைதான் முதலில் அறியும். அவித்தபின், ஓட்டுக்கு வெளியே நீட்டி நிற்கும் நகத்தைப் பிடித்து இழுத்தால் சதை முழுதாக வந்துவிடும். சம்பலில் தோய்த்துத் தின்பார்கள். பொறுக்குபவர்களில் பெண்கள் கணிசம். மீன்வளக் கணக்கேடுகளில் இவர்கள் பெரும்பாலும் இல்லை. உரிமம் படகுக்கும் வலைக்கும்தான். வெறுங்கைக்கு யார் உரிமம் தருவார்கள்?

கருத்தடைச் சேவையையும் கடல்வளப் பாதுகாப்பையும் ஒரே திட்டத்தில் இணைக்கலாமா என்ற விவாதத்தை நான் இந்தத் திட்டிலிருந்து தொடங்க விரும்புகிறேன். வழக்கமாக அது தலைக்கணக்கிலிருந்து தொடங்கும். பொதுவளம் பாழாவதைப் பற்றி 1968இல் காரெட் ஹார்டின் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் உண்மையான இலக்கு மேய்ச்சல் நிலம் அல்ல, பிள்ளைப்பேற்றுச் சுதந்திரம். மீன்வள அறிவியலாளர் டேனியல் பாலி இதன் மீன்பிடி வடிவத்துக்கு, மக்கள்தொகை வளத்தை மீறிப் பெருகும் என்று எச்சரித்த மால்தசின் பெயரால், ‘மால்தசிய மிகைமீன்பிடி’ என்று பெயரிட்டார்: நிலமற்ற ஏழைகள் கரைக்கு வந்து குவிகிறார்கள், வாய்கள் பெருகுகின்றன, வலைக்கண் சிறுக்கிறது, கடைசியில் வெடியும் நஞ்சும் வருகின்றன. இந்தச் சங்கிலி எங்குமே பொருந்தாது என்று நான் சொல்லவில்லை. ஜொகூருக்குப் பொருந்தாது என்கிறேன். இணைப்பு இங்கே தேவைதான். அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் தவறு.

முதலில் இணைப்பு நடந்த இடங்கள். பிலிப்பைன்சின் பலவானில் பாத் அறக்கட்டளை 2001இல் தொடங்கிய திட்டம் மூன்று வகை ஊர்களை ஒப்பிட்டது: கடல் பாதுகாப்பு மட்டும், இனப்பெருக்க நலம் மட்டும், இரண்டும் சேர்ந்து. 2007இல் மறுபடி அளந்தபோது, எல்லா அளவுகோல்களிலும் இல்லாவிட்டாலும் பலவற்றில் சேர்த்துச் செய்த ஊர்கள் முந்தியிருந்தன. மடகாஸ்கரின் தென்மேற்கில், அந்தவதோக்கா என்ற ஊரைச் சுற்றிய வேசோ மீனவரின் கதை இன்னும் தெளிவானது. அங்கே ‘ப்ளூ வெஞ்சர்ஸ்’ அமைப்பு ஊராரோடு சேர்ந்து 2004இல் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) பிடிப்பைச் சில மாதங்கள் நிறுத்திப் பார்த்தது. பாறைத்திட்டில் அதைக் குத்திப் பிடிப்பவர்களில் பெண்கள் அதிகம். அவர்களுக்குக் கருத்தடைச் சேவை கிடைக்கும் இடமோ ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளியிருந்த மொரோம்பே. 2007இல் ஊரிலேயே மருந்தகம் திறந்தார்கள். பத்தில் ஒருவர் என்றிருந்த கருத்தடைப் பயன்பாடு சில ஆண்டுகளில் பாதியைத் தாண்டியது. இங்கே வேலை செய்தது தூரம் குறைந்ததுதான் என்பது என் வாசிப்பு. மக்கள்தொகை குறைந்ததால் பேய்க்கணவாய் பெருகியது என்று காட்ட அந்தச் சில ஆண்டுகள் போதவே போதா.

இனி மலேசியக் கணக்கு. 1970இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 4.9 குழந்தை, 2022இல் 1.6. இதே காலத்தில்தான் தீபகற்ப மேற்குக் கரையின் அடித்தள மீன்வளம் பத்தில் ஒரு பங்களவுக்குச் சரிந்தது. பிறப்பும் சரிந்தது, மீனும் சரிந்தது. மால்தசின் வரைபடத்தில் இந்த இரண்டு கோடுகளுக்கும் இடமில்லை. 1960களில் வந்த இழுவைமடியும், அதனால் கரைமீனவரோடு மூண்ட உயிர்ப்பலி மோதல்களும், அதன்பின் 1981இல் முதல் ஐந்து கடல்மைலைச் சிறுமீனவருக்கென ஒதுக்கிய உரிமக் கொள்கையும் எல்லோரும் அறிந்தவை. தென் ஜொகூரில் அவற்றோடு துறைமுகமும் நிலமீட்பும் சேர்ந்துகொண்டன. 2014இல், நான்கு செயற்கைத் தீவுகளாகத் திட்டமிடப்பட்ட ஃபாரஸ்ட் சிட்டி என்ற நகருக்காக மெராம்போங் கடற்புல் திட்டின் குறுக்கே மண்பாதையே போடப்பட்டது. அந்த மண்ணை எந்தத் தாயும் பெற்றுப் போடவில்லை.

தமிழ்நாட்டுக் கரையும் இதையே சொல்கிறது. அங்கே பிறப்பு விகிதம் 1.8க்கு இறங்கிய பின்னும் பாக் நீரிணையின் இழுவைப்படகுப் பூசல் ஓயவில்லை. ஆனால் தமிழ்நாடு கற்றுத்தரும் இன்னொரு பாடம் இந்த விவாதத்துக்கு மிக நெருக்கமானது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, அங்கே மணமான பெண்களில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். இரண்டு பிள்ளை, பிறகு ‘ஆப்பரேசன்’; கரையூர்களிலும் அதே வழக்கம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையில் பிள்ளைகளை வாரிக்கொண்டு போனபோது, அந்தத் தாய்மார் பலருக்கு மறுபடி சூல்கொள்ள வழியில்லை. கருக்குழாயை மீண்டும் இணைக்கும் இலவச அறுவையை அரசு அறிவிக்க நேர்ந்தது. தலைக்கணக்கை மனதில் வைத்து வகுத்த சேவை நிரந்தர முறைக்கே சாயும். கடலை நம்பிய குடும்பத்துக்கு வேண்டியதோ விரும்பும்போது நிறுத்தக்கூடிய முறை. தமிழில் இந்தச் சேவைக்கு நாம் ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்று பெயர் வைத்ததே தற்செயல் அல்ல என்று எனக்குத் தோன்றும். மலாயில் அது ‘பெரன்சாங் கெலுவார்கா’, குடும்பத்தைத் திட்டமிடுதல்.

பெயர் நன்றாக இருந்தும் மலேசியக் கொள்கை நேர்கோட்டில் போகவில்லை. 1966இல் சட்டம் இயற்றித் தேசியக் குடும்பத் திட்டமிடல் வாரியம் அமைத்தார்கள். 1984இல் மகாதீர் அரசு ஏழு கோடி மக்கள்தொகையை இலக்காக வைத்தது. வாரியத்தின் பெயரும் மாறியது, வேகமும் குறைந்தது. கருத்தடைப் பயன்பாடு 1980களிலிருந்தே பாதியளவில் நின்றுவிட்டது. 2014 ஆய்வில் நவீன முறைகளைப் பயன்படுத்தியோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. பிள்ளை வேண்டாம் அல்லது இப்போது வேண்டாம் என்றிருந்தும் எந்த முறையும் கைக்கொள்ளாதோர் ஐந்தில் ஒருவர். தேவை இருக்கிறது என்பதற்கு இந்த ஐந்தில் ஒருவர் போதும். மீனைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நீரிணையின் பூர்வகுடிகளான ஓராங் செலேத்தார் தம் ஊர்நிலத்துக்காக வழக்காடி, 2017இல்தான் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றத்தில் உரிமைத் தீர்ப்புப் பெற்றார்கள். நிலத்தை விட்டுப் போகச் சொன்ன அரசின் இன்னொரு கை மாத்திரையோடு வந்து ‘கடலைக் காக்கப் பிள்ளையைக் குறை’ என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆகவே இணைந்த திட்டத்தில் கருத்தடை ஏற்றோர் எண்ணிக்கையைப் பாதுகாப்பின் சாதனைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. மீன்பிடிச் சலுகை எதையும் அதனோடு கட்டவும் கூடாது.

அப்படியானால் எதை இணைப்பது? மெராம்போங் திட்டுக்கு அருகிலுள்ள தஞ்சோங் கூப்பாங்கில் 2008இல் செரினா ரஹ்மான் தொடங்கிய ‘கெலாப் ஆலாமி’ ஊர்ப்பிள்ளைகளைக் கடற்புல்லைக் கணக்கெடுக்கப் பழக்கியது. கடற்புல் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள் என்பதற்கு அது சான்று. மலேசிய மீன்வள வளர்ச்சி வாரியத்தின் ‘குனித்தா’ மீனவ மகளிர் குழுக்கள் பெரும்பாலும் கெரோப்போக் (மீன் அப்பளம்), பெலாச்சான் (இறால் விழுது) விற்பனையோடு நிற்கின்றன. திட்டை எந்த மாதம் மூடுவது, எங்கே பொறுக்கலாம் என்று முடிவெடுக்கும் இடத்துக்கு அவை வர வேண்டும். வயிற்றில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்றிருப்பவள் அந்தக் கூட்டத்துக்கு வருவது கடினம். இணைப்புக்கு நான் காணும் வலுவான காரணம் இதுதான்.

நடைமுறையில் முதல் தடை நாட்காட்டி. கம்போங்கின் ‘கிளினிக் டேசா’ என்னும் ஊர் மருந்தகம் அலுவலக நாட்களில் இயங்கும். கோங்கோங் பொறுக்குவது பிறையைப் பார்த்து. வற்றும் நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். மூன்று மாத ஊசிக்குக் குறித்த நாள் பெருவற்று நாளில் விழுந்தால் பெண்கள் திட்டுக்குத்தான் போவார்கள், ஊசி தவறும். 2025 ஜனவரி 1 முதல் ஜொகூர் தன் வார விடுமுறையை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டது. அரசு நாட்காட்டியைத் திருத்த முடியும் என்பது தெரிந்துவிட்டது. மருந்தகச் சுவரில் ஓத அட்டவணையையும் ஒட்டி, பெருவற்று நாட்கள் தொடங்குவதற்கு முந்திய நாளை ஊசி நாளாகக் குறிக்கப் புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டாம்.