பிளாட்டினத்தைத் துளைத்த காரீயம்

கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது என்று பள்ளியில் படித்ததை நானும் ரொம்ப நாள் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். அது ஆறிப்போன கண்ணாடிக்குத்தான் சரி. உருகிய கண்ணாடியில் சோடியம் அயனிகள் நகர ஆரம்பித்துவிடும், மின்சாரம் பாயும். அதனால்தான் பல ஆலைகளில் கண்ணாடிக் குழம்புக்குள்ளேயே உலோக மின்முனைகளை இறக்கிச் சூடாக்குகிறார்கள். சிக்கல் என்னன்னா, குழம்பு சும்மா இருக்காது. மின்முனையைத் தின்னும்.

இந்தச் சிக்கலின் முன்கதையைத் தேடிப்போனால் மைக்கேல் ஃபாரடே வந்து நிற்கிறார்.

1820களில் லண்டன் ராயல் சொசைட்டி சார்பில், தொலைநோக்கிகளுக்கு நல்ல கண்ணாடி செய்யும் பொறுப்பு அவருக்கு வந்தது. 1827இல் ராயல் இன்ஸ்டிடியூஷனிலேயே உலை கட்டினார்கள். உலையைப் பார்த்துக்கொள்ள சார்ஜென்ட் ஆண்டர்சன் என்ற முன்னாள் ராணுவக்காரர் வந்தார். உருக்கியது காரீயம் நிறைந்த கண்ணாடி. அது மண் பாத்திரத்தை அரித்துவிடும் என்பதால் பிளாட்டினத் தட்டில் ஊற்றி உருக்கினார்கள். பிளாட்டினம் உருக 1768 டிகிரி செல்சியஸ் வேண்டும். லேசில் எதற்கும் அசையாத உலோகம். ஆனால் அந்தத் தட்டும் ஓட்டையானது!

கண்ணாடிக்குள் காரீயம் ஆக்சைடாக இருக்கும்வரை வம்பில்லை. கரியோ உலை வாயுவோ அதிலிருந்து ஆக்சிஜனைப் பறித்தால் வெறும் காரீயம் பிரிந்து நிற்கும். அது பிளாட்டினத்தோடு சேர்ந்தால், மிகக் குறைந்த வெப்பத்திலேயே உருகும் கலவை பிறக்கும். தட்டு பொத்துப்போகும். 1829இல் இந்தப் பாடுகளையெல்லாம் ஃபாரடே ஒளிவு மறைவில்லாமல் ஓர் உரையில் சொன்னார். எதிர்பார்த்த அளவுக்குத் தொலைநோக்கிகளுக்கு அது உதவவில்லை. ஆனால் 1845இல், காந்தம் ஒளியைத் திருப்பும் என்று அவர் கண்டுபிடித்தது அதே காரீயக் கண்ணாடித் துண்டை வைத்துத்தான்.

இடையில் 1834இல் ‘எலெக்ட்ரோடு’ என்ற சொல்லையும் அவர்தான் அச்சில் கொண்டுவந்தார். அந்த எலெக்ட்ரோடுதான் நம்ம மின்முனை.

இருபதாம் நூற்றாண்டில் கண்ணாடிக் குழம்புக்குள் இரும்பு மின்முனைகளைப் போட்டுப் பார்த்தார்கள். இரும்பு கரைந்து கண்ணாடிக்கு நிறம் ஏற்றியது. பச்சை பாட்டிலுக்குப் பரவாயில்லை, தெளிந்த கண்ணாடிக்கு ஆகாது. பிறகு மாலிப்டினம் வந்தது. அது உருக சுமார் 2620 டிகிரி வேண்டும், கண்ணாடியிலும் பெரிதாக நிறம் ஏற்றாது. ஆனால் சூடாக இருக்கும்போது காற்றுப் பட்டால் எரிந்துபோகும். அதனால் காற்றுப் படும் பகுதியைக் குளிர்வித்தே வைக்கணும்.

காரீயக் கண்ணாடியில் மட்டும் பழைய கதை திரும்பி வந்தது. மாலிப்டினத்துக்கு ஆக்சிஜன் மேல் தீராத பசி. காரீய ஆக்சைடிலிருந்து அதைப் பிடுங்கித் தானும் அரிந்து, காரீயத்தையும் உலோகமாக இறக்கிவிடும். ஃபாரடேயின் உலையில் கரி செய்த வேலையை இங்கே மின்முனையே செய்துவிடுகிறது.

தீர்வு, உலோகத்தையே விட்டுவிடுவது. காரீயக் கண்ணாடிக்கு வெள்ளீய ஆக்சைடால் செய்த மின்முனைகள் வந்தன. ஏற்கெனவே வயிறு நிறைய ஆக்சிஜன் வைத்திருப்பது பக்கத்து இலையில் ஏன் கைவைக்கப் போகிறது?