கைபிடித்துக் கூட்டிப் போகிறவர்கள்

மதுரையின் சரித்திரம் என்றதும் நமக்குப் பாண்டியர்கள் நினைவுக்கு வருவார்கள். சங்கமும் திருமலை நாயக்கரும் வருவார்கள். ஆஸ்பத்திரிகளின் சரித்திரத்தை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அப்படியே எழுதினாலும் டாக்டர்களின் பெயர்தான் அதில் இருக்கும். மருந்து கலந்து கொடுத்தவள், கட்டுப் போட்டவள், ராத்திரி முழுவதும் விழித்திருந்தவள் ஆகியோருக்கெல்லாம் அதில் இடம் கிடையாது. எங்கள் கதைக்காரர்களும் இந்த விஷயத்தில் லேசுப்பட்டவர்கள் அல்ல. கதையில் ஒரு நர்ஸ் வந்தால் அவள் டாக்டரைக் காதலிக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி அத்தியாயத்தில் கதாநாயகனுக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். அவள் பார்க்கும் உத்தியோகம் என்ன, அதில் அவளுக்கு என்ன வித்தை தெரியும் என்று நாங்கள் விசாரித்ததில்லை.

1976-ல் மதுரை அண்ணாநகரில் ஒரு வீட்டில் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரி ஆரம்பமாயிற்று. அதை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமியை உலகம் அறியும். எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர். உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துப் பிரசவ வைத்தியராக ஆசைப்பட்டார். முடக்குவாதம் வந்து விரல்களைக் கோணலாக்கிப் படுக்கையில் கிடத்திவிட்டது. பேனா பிடிப்பதையே புதிதாகப் பழக வேண்டியிருந்தது. அந்த விரல்களோடு கண் வைத்தியம் படித்து, 1956-ல் மதுரை பெரியாஸ்பத்திரியில் கண் பிரிவின் தலைவரானார். தம் வாழ்நாளில் லட்சம் கண்களுக்கு மேல் ஆபரேஷன் செய்தார். இந்த வரலாறு பலர் எழுதியது. நான் எழுத வந்தது அந்தக் கோணல் விரல்களுக்குப் பக்கத்தில் கருவியை நீட்டிக்கொண்டு நின்ற கைகளைப் பற்றி.

அந்தக் காலத்துக் கண்புரை ஆபரேஷனைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். புரை நன்றாக முற்றும் வரையில் காத்திருக்கச் சொல்வார்கள். பிறகு கருவிழி ஓரத்தில் அகலமாகக் கீறி, விழி வில்லையை அதன் உறையோடு முழுசாக எடுப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு நோயாளி மல்லாந்தே கிடக்க வேண்டும். தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைப்பதும் உண்டு. இருமக்கூடாது, முக்கக்கூடாது, புரளக்கூடாது. இத்தனை ‘கூடாது’களையும், ஆயுள் முழுவதும் வயல் வரப்பில் நடந்து பழகிய ஒரு கிழவரைக் கடைப்பிடிக்கச் செய்வது யார் வேலை? டாக்டர் வீட்டுக்குப் போய்விடுவார். பாதி வைத்தியம் கத்தியிலும் பாதி வைத்தியம் காவலிலும் இருந்தது. அந்தக் காவலுக்கு ஆள் அகப்படுவது எளிதாக இல்லை. வசதியுள்ள வீடுகளில் பெண்ணை நர்ஸ் வேலைக்கு அனுப்புவதைக் கௌரவக் குறைவாக நினைத்த காலம் அது. அந்த வேலையின் பெரும் பாரத்தை நம் நாட்டில் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களே வெகுகாலம் சுமந்தார்கள்.

1960-ஆம் ஆண்டிலேயே வெங்கடசாமி கிராமங்களுக்குக் கண் முகாம் கொண்டு போனார். அங்கே அவருக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். கண் டாக்டர்கள் கொஞ்சம் பேர். கண் தெரியாதவர்கள் லட்சக்கணக்கில். டாக்டரின் நேரம்தான் அருமையான சரக்கு. அந்த நேரத்தில் வேறொருவர் செய்யக்கூடிய வேலைகளையெல்லாம் பிரித்து அந்த வேறொருவரிடம் கொடுத்துவிட்டால் என்ன? 1973-ல், சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தபோதே, கண் வைத்திய உதவியாளர்களுக்குப் பயிற்சி ஒன்றை ஆரம்பித்தார். ஓய்வு பெற்று, குடும்பத்தார் நகைகளை அடகு வைத்துச் சொந்த ஆஸ்பத்திரி தொடங்கியபோது, அந்த யோசனை முழு உருவம் பெற்றது. அதற்கு உருவம் கொடுத்தவர் அவருடைய தங்கை டாக்டர் நாச்சியார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, சொல்லிக் கொடுத்து, கண்டித்து, ஆளாக்கியது பெரும்பாலும் அவர்தான். தமயனுக்குக் கிடைத்த புகழில் தங்கைக்குக் கிடைத்தது குறைவு என்பது என் அபிப்பிராயம்.

தேர்ந்தெடுத்த முறையும் விசேஷமானது. பள்ளிப் படிப்பு முடித்த பதினேழு பதினெட்டு வயதுப் பெண்கள். மதிப்பெண்ணைவிட குணத்தை அதிகம் பார்த்தார்கள். பெண்ணோடு பெற்றோரையும் வரவழைத்துப் பேசினார்கள். கிட்டத்தட்ட கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரிதான்! இரண்டு வருஷம் பயிற்சி. அந்தக் காலத்திலேயே உதவித் தொகையும் உண்டு. முதல் சில மாதங்கள் உடம்பைப் பற்றியும் கண்ணைப் பற்றியும் பாடம். பிறகு ஒவ்வொருத்திக்கும் ஒரு துறை. ஒருத்தி கண்ணாடி அளவு பார்ப்பவள், ஒருத்தி ஆபரேஷன் அறை, ஒருத்தி வார்டு, இன்னொருத்தி நோயாளிக்கு எடுத்துச் சொல்பவள். ஆஸ்பத்திரிக் கணக்கில் இவர்களுக்கு ‘மிட் லெவல் ஆப்தால்மிக் பெர்சனல்’ என்று வாயில் நுழையாத பெயர். மதுரைக்காரர்களுக்கு எல்லோரும் ‘சிஸ்டர்’தான்.

பெரியம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு தடவை அங்கே போய், பாதி நாள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன். முதலில் என் கண்ணில் பட்டது அந்தப் பெண்கள் நோயாளியைக் கூட்டிப் போகும் விதம். பார்வை மங்கியவரைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகக்கூடாது. தன் கையை அவர் பிடித்துக்கொள்ளும்படி கொடுத்து, அரை அடி முன்னே நடக்க வேண்டும். “படி வருது அப்பத்தா, ஒண்ணு, ரெண்டு, அவ்வளவுதான்” என்று குரலாலேயே தரையைக் காட்ட வேண்டும். சிறிய விஷயந்தான். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்தது கண்ணீர்ப் பாதைப் பரிசோதனை. இமையோரத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு துவாரம் இருக்கிறது. கண்ணீர் அதன் வழியாகத்தான் மூக்குக்கு இறங்குகிறது. மழுங்கிய முனையுள்ள மெல்லிய குழாயை அதில் வைத்து உப்பு நீரைச் செலுத்துகிறாள். “தொண்டையில உப்புக் கரிக்குதா?” என்று கேட்கிறாள். கரித்தால் பாதை சரி. நீர் திரும்பி வந்தால் அடைப்பு. சீழோடு வந்தால் ஆபரேஷன் தள்ளிப் போக வேண்டியதுதான், ஏனெனில் அந்தச் சீழ் அறுத்த கண்ணுக்குள் போனால் கண்ணே போய்விடும். ஒரு கேள்வி, ஒரு சொட்டு உப்பு நீர். ஒரு கண்ணின் தலைவிதி அதில் இருக்கிறது.

எழுத்துத் தெரியாதவருக்குக் கண்ணாடி அளவு பார்ப்பது இன்னும் அழகு. இருட்டறையில் கண்ணுக்குள் வெளிச்சக் கீற்றை விட்டுப் பக்கவாட்டில் அசைக்கிறாள். பாவைக்குள் சிவப்பாக ஓர் ஒளி தெரிகிறது. அது வெளிச்சம் போன திசையிலேயே போனால் ஒரு வகை வில்லை, எதிர்த்து வந்தால் வேறு வகை. ஒளி அசையாமல் நிற்கும் வரை வில்லைகளை மாற்றிக்கொண்டே போகிறாள். நோயாளி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. கண்ணே பேசிவிடுகிறது, அந்தப் பாஷை அவளுக்குத் தெரியும்.

கண்ணுக்குள் வைக்கும் செயற்கை வில்லை வந்த பிறகு பொறுப்பு இன்னும் கூடிற்று. விழியின் நீளத்தை அளப்பவளும் இவளே. ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பார்வையில் இரண்டரை, மூன்று பவர் பிசகிப் போகும். நோயாளி மறுபடியும் தடித்த கண்ணாடிக்குத்தான் திரும்ப வேண்டும். அந்த வில்லைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஏழைக்குக் கட்டாது என்று 1992-ல் மதுரையிலேயே ‘ஆரோலேப்’ என்ற தொழிற்கூடம் தொடங்கினார்கள். நூறு டாலர் விலையில் இருந்த பொருள் பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. அங்கேயும் வில்லை செய்யப் பழகியவர்கள் பெரும்பாலும் இதே கிராமத்துப் பெண்கள்தாம்.

ஆபரேஷன் அறையில் பக்கம் பக்கமாக இரண்டு மேஜைகள். ஒன்றில் டாக்டர் அறுத்துக்கொண்டிருக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளியைப் படுக்க வைத்து, கண்ணைச் சுத்தம் செய்து, துணி போர்த்தி, கருவிகளை வரிசைப்படுத்தி விடுகிறார்கள். முதல் கண் முடிந்ததும் டாக்டர் மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்புகிறார். கேட்காமலே கருவி கைக்கு வருகிறது. இப்படித்தான் இங்கே ஒரு டாக்டர் ஆண்டுக்குச் சுமார் 2,000 ஆபரேஷன் செய்ய முடிகிறது. வேறு இடங்களில் சராசரி அதில் நாலில் ஒரு பங்கு தேறினால் அதிகம். பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ பார்வை கிடைப்பதும் இந்தக் கணக்கினால்தான். ஊழியர்களில் பாதிக்கு மேல் இந்தப் பெண்களே என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

1993-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலை இந்த ஆஸ்பத்திரியைப் பற்றிப் பாடமே எழுதிற்று. வெங்கடசாமியே அந்த ஊர் ரொட்டிக் கடைகளைப் பார்த்து வியந்தவர். எந்தக் கிளையிலும் ஒரே தரம், ஒரே ருசி. அதனால் ரொட்டிக் கடை உவமை எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. எனக்கு அது பாதிதான் சரியாகப் படுகிறது. உருளைக்கிழங்கு பயப்படுவதில்லை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் கிழவி பயப்படுகிறாள். கண்ணைத் தோண்டி எடுத்துவிடுவார்களோ என்று நடுங்குகிறாள். அந்தப் பயத்தை அவளுடைய ஊர்ப் பேச்சிலேயே பேசித் தீர்க்கிற பெண் இல்லாவிட்டால் அவள் மேஜை வரைக்கும் வரவே மாட்டாள். இது எந்த இயந்திரத்தின் வேலை?

மனத்தில் உறுத்துகிற ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இது சர்க்கார் நர்ஸ் படிப்பு அல்ல. ஆஸ்பத்திரியே சொல்லிக் கொடுப்பது. பல பெண்கள் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுக் கல்யாணமாகிப் போய்விடுகிறார்கள். உப்புக் கரிக்கிறதா என்று கேட்கத் தெரிந்தவள், சிவப்பு ஒளியின் பாஷை தெரிந்தவள், ஏதோ ஓர் ஊரில் அடுப்படியில் நிற்கிறாள். அவள் வீட்டில் மரியாதையும் சொந்தச் சம்பாத்தியத்தின் தைரியமும் அவளோடு போயிருக்கும், சந்தேகமில்லை. ஆனாலும் இரண்டு வருஷம் பழகி ஐந்து வருஷம் தீட்டிய ஒரு கையை நாடு அவ்வளவு சுலபமாக விட்டுவிடலாமா? வேறோர் ஆஸ்பத்திரியில் அவள் போய் நின்றால் அந்த வித்தைக்கு நர்ஸ் என்ற பெயர் கிடைக்காது. வித்தை டாக்டரிடம் இருந்தால் பட்டம். அவளிடம் இருந்தால் பழக்கம் என்கிறோம்.

1999-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, கிராமத்தில் கண் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான் முகாமுக்கு வந்தார்கள் என்று காட்டிற்று. பஸ் வசதி, சாப்பாடு, இலவச ஆபரேஷன் எல்லாம் இருந்தும்! அதற்குப் பிறகு சிறு ஊர்களிலேயே கண் பரிசோதனை நிலையங்கள் திறந்தார்கள். கடைத்தெருவில் ஒரு சின்ன இடம், டாக்டர் கிடையாது. பயிற்சி பெற்ற இரண்டு பெண்கள் இருப்பார்கள். ஒருத்தி கண்ணைப் பார்ப்பாள், மற்றவள் பேசிப் பதிவு செய்வாள். மதுரையிலிருந்து டாக்டர் திரையில் தோன்றுவார். நோயாளியின் மோவாயைத் தாங்கியில் பொருத்தி, இமையை விரலால் உயர்த்தி, வெளிச்சத்தைச் சரியான கோணத்தில் நிறுத்திப் படம் எடுத்து அனுப்புவது அந்தப் பெண். அவள் காட்டுகிற அளவுக்குத்தான் டாக்டருக்குத் தெரியும்.