முதிய வயதில் அரை மராத்தான் ஓட்டம்: அனுபவமுள்ள ஓட்டக்காரர்களும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

அரை மராத்தான் என்பது ஏறத்தாழ 21.1 கிலோமீட்டர் தொலைவு ஓடும் போட்டியாகும். பிரித்தானியாவில் பாத், ரெடிங் உள்ளிட்ட பல ஊர்களில் இப்போட்டி வழக்கமாக இளவேனிற்காலத்தில் நடைபெறுகிறது. பல ஆண்டுகளாக ஓடிவரும் 60, 70 வயதினரும் இதில் பங்கேற்கின்றனர். சீரான ஓட்டப்பயிற்சி இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, மனநலம் ஆகியவற்றுக்கு நன்மை தருகிறது. வயது ஒன்றே ஓட்டத்தைக் கைவிடுவதற்குக் காரணமாகாது. எனினும், நீண்டகால அனுபவம் இதயநோயிலிருந்து முழுமையான பாதுகாப்பை அளிப்பதில்லை.

ஆபத்து எவ்வளவு?

அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை நடைபெற்ற மராத்தான், அரை மராத்தான் போட்டிகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. அப்போட்டிகளில் பங்கேற்ற ஏறத்தாழ 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கு இதயத்துடிப்பு திடீரென நின்றது. அவர்களுள் 42 பேர் உயிரிழந்தனர். அரை மராத்தானில் இவ்விகிதம் முழு மராத்தானைவிடக் குறைவாகவே இருந்தது. ஆபத்து மிக அரிதானது. ஆனால் நேர்ந்தால் உயிருக்கே உலை வைக்கக்கூடியது.

அனுபவம் ஏன் போதாது?

நடுத்தர வயதைக் கடந்தவர்களிடம் இத்தகைய நிகழ்வுக்குப் பெரும்பாலும் இதயத் தமனிகளில் ஏற்படும் கொழுப்புப் படிவே காரணம். ஓட்டத்தைப் பரவலாக்கிய நூலாசிரியர் ஜிம் ஃபிக்ஸ் 1984இல், தமது 52ஆம் வயதில், ஓடும்போதே உயிரிழந்தார். அவருடைய இதயத் தமனிகள் அடைபட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. அவருடைய தந்தையார் 43 வயதில் மாரடைப்பால் இறந்தவர்.

அனுபவமுள்ளவர்கள் உடல்வலியைப் பொறுத்துப் பழகியவர்கள். ஆகவே, நெஞ்சு இறுக்கத்தை அசீரணம் என்றும், மூச்சுத் திணறலை முதுமை என்றும் எண்ணிவிட வாய்ப்புண்டு. வயதுடன் வேகம் குறைவது இயல்பு. அது ஆண்டுக்கணக்கில் மெல்ல நிகழும். சில வாரங்களுக்குள் வழக்கமான பாதையே கடினமாகத் தோன்றினால் மருத்துவரை நாட வேண்டும்.

போட்டிக்கு முன்

பின்வருவனவற்றுள் ஏதேனும் இருந்தால், பயிற்சியை நிறுத்திவைத்துக் குடும்ப மருத்துவரிடம் தெரிவியுங்கள்:

• ஓடும்போது நெஞ்சு, தாடை அல்லது இடது கையில் வலி அல்லது இறுக்கம்
• மயக்கம், படபடப்பு, ஒழுங்கற்ற இதயத்துடிப்பு
• வழக்கத்திற்கு மாறான மூச்சுத் திணறல்

அறிகுறி இல்லாவிடினும், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், உயர் கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியன உள்ளவர்களும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு வரலாறு உள்ளவர்களும் முன்கூட்டியே ஆலோசனை பெறுவது நல்லது. காய்ச்சல் இருந்தால் ஓட வேண்டாம். தொற்று இதயத் தசையையும் பாதித்திருக்கக்கூடும்.

மருந்துகள்

எந்த மருந்தையும் தாமாக நிறுத்துதல் கூடாது. பீட்டா தடுப்பு மருந்துகள் இதயத்துடிப்பைக் குறைப்பதால், கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணை மட்டும் நம்பி வேகத்தை அமைக்க இயலாது. சிறுநீர்ப் பெருக்கி மருந்துகள் நீரிழப்பை மிகுவிக்கக்கூடும். இன்சுலின் மற்றும் சில நீரிழிவு மாத்திரைகள் சர்க்கரை அளவை வெகுவாகத் தாழ்த்தக்கூடும். ஓட்டத்திற்கு முன் இபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகளைத் தவிர்க்க வேண்டும். நீரிழப்புடன் சேரும்போது அவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

இளவேனில் வெப்பம்

குளிர்காலம் முழுவதும் பயிற்சி செய்த உடல் வெப்பத்திற்குப் பழகியிராது. பழகுவதற்கு 10 முதல் 14 நாட்கள் தேவை. 2018 ஏப்ரல் மாதம் நடைபெற்ற லண்டன் மராத்தான் நாளில் வெப்பநிலை 24 பாகையைக் கடந்தது. எதிர்பாராத வெயில் நாளில் இலக்கு நேரத்தைக் கைவிட்டு மெதுவாக ஓடுவதே அறிவுடைமை.

முதியவர்களுக்குத் தாக உணர்வு மங்கியிருக்கும். எனவே இடையிடையே சிறிதளவு நீர் பருக வேண்டும். அளவுக்கு மீறிப் பருகுவதும் தீங்கானது. இரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பமும் வலிப்பும் ஏற்படலாம்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

பந்தய எண் அட்டையின் பின்புறம் நோய்கள், மருந்துகள், ஒவ்வாமை, தொடர்பு எண் ஆகியவை எழுதப்பட்டுள்ளனவா எனப் பாருங்கள். முடிவுக் கோட்டைத் தாண்டியபின் தலைசுற்றுவது பெரும்பாலும் திடீரென நின்றதால் ஏற்படும் இரத்த அழுத்தக் குறைவாகும். சில நிமிடங்கள் நடந்தபின் ஓய்வெடுத்தால் இதனைத் தவிர்க்கலாம். ஓட்டத்தின் நடுவே ஒருவர் சரிந்து விழுந்தால் அதனை இதய நிகழ்வாகக் கருதி உடனே செயற்பட வேண்டும்:

1. உணர்வோ இயல்பான மூச்சோ இல்லையெனில் 999ஐ அழையுங்கள். போட்டி மருத்துவக் குழுவையும் கூப்பிடுங்கள்.
2. மார்பின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்துங்கள்.
3. தானியங்கி இதய அதிர்வுக் கருவியை வரவழைத்து, அதன் குரல் அறிவுறுத்தலைப் பின்பற்றுங்கள்.

உடல் கொதித்து, பேச்சுக் குழறினால் அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். மருத்துவக் குழுவை அழைத்து, காத்திராமல் குளிர்ந்த நீரால் உடலைக் குளிர்வியுங்கள்.

ஓட்டத்திற்குப் பின்

முதுமையில் தசைகள் மீள்வதற்குக் கூடுதல் நாட்கள் தேவைப்படும். சிறுநீர் கருமையாக வெளியேறினாலோ, நெஞ்சுவலி தோன்றினாலோ உடனடியாக மருத்துவ உதவி பெற வேண்டும்.

போட்டி அடுத்த ஆண்டும் வரும். அறிகுறி தென்பட்ட அன்று பாதியில் நின்றுவிடுவது தோல்வியன்று. அதுவே மீண்டும் ஓடுவதற்கு வழிவகுக்கும்.