கைமாற்ற முடியாத கைதி!

அமெரிக்காவில் ஜூலை மாதக் கடைசி வந்துவிட்டால் பேஸ்பால் ரசிகர்களுக்குத் தூக்கம் போய்விடும். சீஸன் பாதிக்கு மேல் ஓடியிருக்கும். எந்த அணி எந்த ஆட்டக்காரரை யாரிடம் தள்ளிவிட்டு, பதிலுக்கு யாரை வாங்கப்போகிறது என்ற பேரம் சூடு பறக்கும். கெடு தேதி தாண்டினால் கடை மூடியாச்சு! அந்தக் கடைசி நிமிடங்களிலும் ஒவ்வொரு அணியும் ஓரிரு பெயர்களைப் பேச்சுக்கே எடுக்காது. ‘யாரை வேணும்னாலும் கேளுங்க... இவரை மட்டும் கேட்காதீங்க!’ நம் ஐ.பி.எல். அணிகள் பெரிய ஏலத்துக்கு முன்பு சிலரை மட்டும் கையைப் பிடித்து நிறுத்திக்கொள்கிறார்களே, கிட்டத்தட்ட அதுமாதிரி.

மனிதர்களைக் கைமாற்றுவதை விளையாட்டு முதலாளிகள்தான் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ராஜாக்கள் அதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். ஜெர்மனியில் சாக்ஸனி என்ற நாட்டை ஆண்ட அகஸ்டஸுக்குச் சீனப் பீங்கான் என்றால் உயிர். 1717ல் பக்கத்து நாடான பிரஷ்யாவின் அரசருக்குத் தன் குதிரைப்படையிலிருந்து 600 வீரர்களை அனுப்பிவைத்து, பதிலுக்கு வாங்கிக்கொண்டது என்ன தெரியுமா? 151 பீங்கான் பாத்திரங்கள்! ஒரு ஜாடிக்கு நாலு சிப்பாய் என்று வையுங்களேன்.

இதே அகஸ்டஸ் ஒரே ஒரு ஆளை மட்டும் பிரஷ்யா கேட்டும் தர மறுத்தார். பெட்கர் என்ற அந்த இளைஞன், மட்ட உலோகத்தைத் தங்கமாக்கிக் காட்டுகிறேன் என்று உதார் விட்டு, பிரஷ்யாவிலிருந்து தப்பி ஓடிவந்தவன். அகஸ்டஸ் அவனைப் பிடித்து அடைத்துவைத்தார். தங்கம் வரவில்லை. ஆனால், வேறொரு அறிஞரோடு சேர்ந்து, ஐரோப்பாவில் யாருக்கும் பிடிபடாத பீங்கான் ரகசியத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். 1710ல் மைஸன் நகரில் பீங்கான் ஆலையே வந்துவிட்டது. அப்புறமாவது விட்டார்களா? 1714 வரை அவன் கைதிதான்! 600 பேரை ஜாடிக்காகக் கொடுத்த ராஜா, ஜாடி செய்யத் தெரிந்த ஒருவனை விடத் தயாராக இல்லை.

இப்படியொரு ‘கொடுக்க மாட்டேன்’ ஆசாமி நம் குமரி மாவட்டத்திலும் இருந்தார்.

நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்குப் போகிறீர்கள். நாஞ்சில் நாட்டு வயல்களையும் தென்னந்தோப்புகளையும் தாண்டினால், புலியூர்க்குறிச்சியில் சாலையோரம் ஒரு பழைய கோட்டை மதில் எட்டிப் பார்க்கும். உதயகிரிக் கோட்டை. ‘டிலனாய் கோட்டை’ என்றும் சொல்வார்கள். ராஜா கட்டிய கோட்டைக்குக் கைதியின் பெயர்! எப்படி வந்தது இந்தப் பெயர்?

1729ல் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தபோது திருவிதாங்கூர் ஒரு சின்ன நாடு. அவரோ அக்கம்பக்கத்துச் சமஸ்தானங்களை ஒவ்வொன்றாக விழுங்க ஆரம்பித்தார். இதைப் பார்த்து வயிறு கலங்கியவர்கள் டச்சுக்காரர்கள். காரணம், மிளகு! துண்டு துண்டாகக் கிடக்கும் குட்டி ராஜாக்களிடம் அடிமாட்டு விலைக்கு மிளகு வாங்குவது சுலபம். எல்லாம் ஒரே ராஜா கைக்குப் போய்விட்டால்? விலையை அவரல்லவா சொல்வார்!

இலங்கையில் டச்சு கவர்னராக இருந்த வான் இம்ஹாஃப், 1739ல் மன்னரை நேரில் சந்தித்து மிரட்டிப் பார்த்தார். மன்னர் அசரவில்லை. ‘நீங்கள் இங்கே படையெடுத்தால், என் மீனவர்களையும் படகுகளையும் கூட்டிக்கொண்டு நான் ஐரோப்பா மேல் படையெடுக்க வேண்டியிருக்கும்’ என்கிற ரீதியில் நக்கலாகப் பதில் சொன்னதாகத் திருவிதாங்கூர் சரித்திர நூல்கள் குறிப்பிடுகின்றன.

1741ல் டச்சுப் படை இலங்கையிலிருந்து வந்து குளச்சலில் இறங்கியது. அங்கிருந்து தலைநகரான கல்குளம் (பின்னாளில் பத்மநாபபுரம்) பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். மன்னரின் படையில் வாளும் வேலும் ஏராளம், துப்பாக்கியோ கொஞ்சம். குளச்சல் மீனவர்கள் மன்னர் பக்கம் நின்றார்கள். துடுப்புகளைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்று, தூரத்துப் பார்வைக்குத் துப்பாக்கிப் படை மாதிரி பாவ்லா காட்டினார்கள் என்று அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள்.

டச்சுக்காரர்கள் கடைசியில் முற்றுகைக்குள் சிக்கினார்கள். அவர்களுடைய வெடிமருந்து தீப்பிடித்து, கையிருப்பு அரிசியும் சாம்பலாகிவிட்டது என்று டச்சு ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சோறில்லாமல் எத்தனை நாள் சண்டை போட முடியும்? சரணடைந்தார்கள். ஜூலை 31 என்று ஒரு கணக்கு, ஆகஸ்ட் 10 என்று ஒரு கணக்கு. ஐரோப்பிய வல்லரசு ஒன்று இந்திய மன்னர் ஒருவரிடம் இப்படி மண்ணைக் கவ்வியது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமில்லை.

கிடைத்தது என்ன? சில நூறு துப்பாக்கிகள், கொஞ்சம் பீரங்கிகள், இரண்டு டஜன் ஐரோப்பியக் கைதிகள். அவர்களில் ஒருவர்தான் யூஸ்டேஷியஸ் டி லனாய். வயது இருபத்தைந்துக்குப் பக்கம். 1715ல் பிறந்தவர், சொந்த ஊர், இன்றைய பிரான்ஸிலிருக்கும் அராஸ். அவரை ‘டச்சு அட்மிரல்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அட்மிரல் எல்லாம் இல்லை. பிற்காலக் கதைகள் அவருக்குத் தாராளமாகப் பதவி உயர்வு கொடுத்துவிட்டன!

இப்போது மார்த்தாண்ட வர்மாவின் இடத்தில் உங்களை வைத்து யோசித்துப் பாருங்கள். கையில் வெள்ளைக்காரக் கைதிகள். கூப்பிடு தூரத்தில் கொச்சிக் கோட்டை, அதில் டச்சுக் கம்பெனி. போரில் பிடிபட்ட அதிகாரிகளைப் பணத்துக்கோ, பதில் கைதிகளுக்கோ மாற்றிக்கொள்வது ஐரோப்பாவில் அன்றாட வழக்கம். ‘இத்தனை பேருக்கு இத்தனை பொன்’ என்று பேரம் பேசியிருக்கலாம். பேசினால் யார் குறை சொல்லப்போகிறார்கள்?

மன்னரின் கணக்கு வேறு. பொன் வந்தால் செலவாகிவிடும். துப்பாக்கி கிடைத்தால் பத்து வருஷத்தில் துருப்பிடிக்கும். துப்பாக்கியைப் பிடிக்கவும் பீரங்கியை வார்க்கவும் வரிசை குலையாமல் சுடவும் சொல்லிக்கொடுக்கிற ஆள் கிடைத்தால்? அது தலைமுறைக்கும் நிற்கும். டிலனாயைத் தன் மெய்க்காவல் படையின் சிலருக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார் மன்னர். சோதனை ஓட்டம்தான். பலனைப் பார்த்ததும் முழுப் படையும் டிலனாய் கைக்கு வந்தது. பழைய உதயகிரிக் கோட்டை கருங்கல்லில் எழும்பியது. உள்ளே பீரங்கி வார்க்கும் உலைக்களம் புகைய ஆரம்பித்தது. பத்மநாபபுரத்துக் கோட்டை மதிலும், கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து நிற்கும் வட்டக்கோட்டையும் அவர் கை பட்டவை.

அப்புறம் நடந்தது மளமளவென்று நடந்தது. காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர்... திருவிதாங்கூர் எல்லை கொச்சியைத் தொட்டது. 1753ல் மாவேலிக்கரையில் ஒப்பந்தம். மன்னருக்கு எதிராக மற்ற ராஜாக்களுக்கு உதவுவதை நிறுத்திக்கொள்ள டச்சுக் கம்பெனி சம்மதித்தது. தங்களிடம் சிப்பாயாக இருந்தவன் பயிற்சி கொடுத்த படைக்கு முன்னால் கையெழுத்துப் போட வேண்டிய நிலைமை! டிலனாய்க்குக் கிடைத்த பட்டம் ‘வலிய கப்பித்தான்’. பெரிய கேப்டன் என்று அர்த்தம்.

கேட்க ஜோராக இருக்கிறது, இல்லையா? கொஞ்சம் பொறுங்கள்.

கோட்டை வேலை நடந்த காலத்தில், நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை என்ற அரசு ஊழியர் டிலனாய்க்கு நண்பரானார். வீட்டில் அடுக்கடுக்காகக் கஷ்டம். மனசு உடைந்திருந்த நண்பருக்கு டிலனாய் பைபிள் கதை சொல்லி ஆறுதல் கொடுத்தார் என்பது கிறிஸ்தவ மரபு. 1745ல் வடக்கன்குளம் போய் ஞானஸ்நானம் பெற்று, தேவசகாயம் ஆனார் நீலகண்ட பிள்ளை. 1749ல் கைதானார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அழைத்துச் சென்றார்கள், சித்திரவதை செய்தார்கள், 1752 ஜனவரி 14ம் தேதி ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள் என்று அந்த மரபு சொல்கிறது. என்ன குற்றச்சாட்டு, யார் தூண்டியது என்பதில் இன்றைக்கும் வாதப் பிரதிவாதம் உண்டு. 2022ல் வாடிகன் அவரைப் புனிதராக அறிவித்தது.

இங்கேதான் நெஞ்சில் ஏதோ இடறுகிறது. எதிரியாகக் கப்பலில் வந்து இறங்கியவன் ராஜ்ஜியத்தின் தளபதி. சொந்த மண்ணில் பிறந்து அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர் கைதி. இரண்டு பேரும் கும்பிட்டது ஒரே தெய்வத்தை. ஒருவருக்கு அது மன்னிக்கப்பட்டது, இன்னொருவருக்கு இல்லை. சாதி, குடும்பம், அரண்மனைப் பகை என்று காரணங்கள் பல இருக்கலாம். ஆனால், ஒன்று நிச்சயம். ‘இவர் இல்லாமல் முடியாது’ என்ற பட்டியலில் நீலகண்ட பிள்ளை இல்லை. அத்தனை செல்வாக்குள்ள நண்பர் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அவர் தப்பவில்லை.

சரி, பட்டியலில் இருந்தவருக்காவது எல்லாம் கிடைத்ததா? கிறிஸ்தவர் என்பதால் டிலனாய்க்குப் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் போக அனுமதி இல்லை என்கிறார்கள். மதிலைக் கட்டித் தரலாம், மதிலுக்குள் வரக்கூடாது! அதனால் அவர் வாழ்க்கை உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே ஓடியது. அங்கேயே வீடு, அங்கேயே தேவாலயம். 1758ல் மார்த்தாண்ட வர்மா காலமானார். அடுத்து வந்த கார்த்திகைத் திருநாள் ராம வர்மாவும் டிலனாயை விடவில்லை. டிலனாயின் மகன் ஜான், 1765ல் களக்காட்டுச் சண்டையில் இளம் வயதிலேயே உயிரை விட்டார். பிடிபட்டவன் தகப்பன், மகனும் அதே ராஜ்ஜியத்துக்காகச் செத்துப்போனான்.

36 வருஷ சேவைக்குப் பிறகு 1777ல் டிலனாய் இறந்தார். அதற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1789 டிசம்பர் 29ம் தேதி, திப்பு சுல்தான் பெரும் படையோடு திருவிதாங்கூரின் வடக்கு எல்லைக்கு வந்தார். கடற்கரைப் பக்கத்திலிருந்து மலை வரை நீண்ட ‘நெடுங்கோட்டை’ அவரை மறித்தது. டிலனாய் முன்நின்று அமைத்த அரண் அது. அன்றைக்கு திப்புவே மயிரிழையில் உயிர் பிழைத்துத் திரும்பினார். சில மாதங்களில் அவர் அந்த அரணை உடைத்தார் என்பதும் உண்மை. ஆனால், அதற்குள் மழைக்காலமும் ஆங்கிலேயரோடு போரும் சேர்ந்துகொள்ள, திருவிதாங்கூரை முழுதாக விழுங்காமலே திரும்ப வேண்டியதாயிற்று. குளச்சலில் கைதியைக் கைமாற்றாமல் வைத்துக்கொண்டதற்கு, அரை நூற்றாண்டு கழித்தும் வட்டி வந்துகொண்டிருந்தது.

ராஜா போட்ட கணக்கு சரிதான். அந்தக் கணக்கில் ஒரு மனிதன் ஊர் திரும்பும் ஆசை எந்தப் பத்தியில் வரும் என்று மட்டும் தெரியவில்லை. விலை குறைந்த கைதி என்றால் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பியிருப்பார்கள், கப்பலேறிப் போயிருப்பான். அருமை தெரிந்துவிட்டதால் அந்தக் கதவு சாத்திக்கொண்டது. அதற்கப்புறம் டிலனாய் போக ஆசைப்பட்டாரா, இல்லை இந்த மண்ணே போதும் என்று மனசார ஒட்டிக்கொண்டாரா... அவர் மட்டுமே சொல்லியிருக்க முடியும்.

அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால் கோட்டைக்குள் நுழைந்து பாருங்கள். மரங்கள் சூழ, கூரை இழந்த சின்ன தேவாலயம். உள்ளே கருங்கல் சமாதியில் லத்தீனிலும் தமிழிலும் வாசகம். பக்கத்திலேயே மனைவியும் மகனும். சாலையில் பஸ் ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். குளச்சல் கடற்கரை அங்கிருந்து அரை மணி நேரப் பயணம்தான்.