படிக்கத் தெரியாத கையெழுத்து

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரணைச் சுத்தம் செய்யலாம் என்று ஏணியைப் போட்டேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி கீழே நின்று ஒவ்வொரு சாமானாக வாங்கி வைத்தாள். அதில் ஒரு பிளாஸ்டிக் பை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது பலருக்கு நினைவிருக்கும். அப்போது நனைந்து, பிறகு மொட்டை மாடியில் கொடி கட்டித் துணி மாதிரி உலர்த்திய காகிதங்கள் அந்தப் பையில் இருந்தன. ஊற்றுப்பேனாவில் நீல மையால் எழுதியவை பெரும்பாலும் கரைந்து வெறும் கறையாகிவிட்டன. பால்பாயின்ட் பேனாவில் எழுதியவை பிழைத்தன.

அப்படிப் பிழைத்த ஒன்று, 1967-ல் நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது அப்பா எழுதிய இன்லண்ட் லெட்டர். பேத்தி அதைப் பிரித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"தாத்தா, இது என்ன பாஷை?"

அது ஆங்கிலம்! அவளோ எல்.கே.ஜி. முதல் ஆங்கில வழியில் படிப்பவள். ஆங்கிலத்தில் தொண்ணூறுக்குக் குறைந்து மார்க் வாங்கியதில்லை. முதலில் சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை. அவள் பள்ளியில் தனித்தனி எழுத்தாக எழுதத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எழுத்துகளைக் கோத்து எழுதும் கூட்டெழுத்து அவளுக்கு அறிமுகமே இல்லை. என் அப்பாவுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கதவு பூட்டிக்கொண்டுவிட்டது. சாவி யார் கையிலும் இல்லை.

மாலையில் இதை எதிர் பிளாட் நண்பரிடம் சொன்னேன். அவர் ஓய்வு பெற்ற பொறியாளர். "இதற்கு என்ன சார் வருத்தம்? தறி நெய்யத் தெரியாதவன் வேட்டி கட்டவில்லையா? எல்லாம் போனில் அடிக்கிற காலத்தில் இதை ஏன் பள்ளியில் கட்டி அழ வேண்டும்?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடப் போய், இந்தக் கோத்தெழுத்து நம் ஊருக்கு எப்படி வந்தது என்று கொஞ்சம் யோசித்தேன்.

நம் ஜார்ஜ் கோட்டையில்தான் அந்தக் கதை தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிமட்ட உத்தியோகத்துக்குப் பெயரே 'ரைட்டர்'. 1744-ல் ராபர்ட் கிளைவ் மதராசில் வந்து இறங்கியதும் ரைட்டராகத்தான். சரக்குக் கணக்கு, கடிதம், கூட்டக் குறிப்பு என்று எல்லாவற்றையும் கையாலேயே எழுத வேண்டும். நகல் வேண்டுமென்றாலும் இன்னொரு முறை கையால்தான். இறகுப் பேனாவை அடிக்கடி தூக்கி வைத்தால் மை சொட்டும், வேகமும் குறையும். பேனாவை எடுக்காமல் ஓடுகிற எழுத்து அப்படித்தான் அலுவலக எழுத்தானது. அதே காலத்தில் லண்டனில் எழுத்தாசிரியர்களின் கையெழுத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கி மாதிரிப் புத்தகங்களாக அச்சிட்டார்கள். ஜார்ஜ் பிக்காம் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'தி யுனிவர்சல் பென்மேன்' அவற்றில் பேர்போனது. 'காப்பர்பிளேட்' என்ற பெயர் வந்தது இந்தச் செப்புத் தகட்டால்தான்.

கம்பெனி போய், ராணி ஆட்சி வந்து, அதுவும் போன பிறகும் அந்த எழுத்து போகவில்லை. காவல் நிலையத்தில் இன்றும் ஒருவரை 'ரைட்டர்' என்றுதானே அழைக்கிறோம்! நல்ல கையெழுத்து இருந்தால் குமாஸ்தா வேலை, குமாஸ்தா வேலை இருந்தால் மாதம் பிறந்தால் சம்பளம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் "கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்தும் நன்றாக இருக்கும்" என்று சொன்னதற்கு அர்த்தம் இதுதான்.

எனக்கு ஆறாம் வகுப்பில் ஆங்கிலம் வந்தது, கூடவே நாலு கோடு நோட்டும் வந்தது. தினம் ஒரு பக்கம் காப்பி எழுத வேண்டும். மேலே ஏறும்போது மெல்லிசாக, கீழே இறங்கும்போது அழுத்தமாக. கோடு தாண்டினால் விரல் முட்டியில் ஸ்கேல் விழும். என் பக்கத்து இருக்கைப் பையன் இடது கைக்காரன். எழுதிய மையின் மேலேயே அவன் கை போகும், பக்கம் முழுவதும் தீற்றிவிடும். அவனை வலது கையால் எழுதச் சொல்லி அடித்த அடியில், அவனுக்கு எந்தக் கையாலும் எழுத வராமல் போயிற்று. கணக்கில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரன் அவன். ஆகவே "அந்தக் காலம் பொற்காலம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஸ்கேல் போனது நல்லதுதான்.

இப்படி நண்பரின் பக்கமே சாய்ந்துகொண்டிருந்தபோதுதான் பையின் அடியில் இன்னொரு காகிதம் கிடைத்தது. 1934-ல் என் தாத்தா கும்பகோணத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் நஞ்சை நிலம் வாங்கிய கிரயப் பத்திரம். முத்திரைத்தாளில் கருப்பு மையில் எழுதியது. ஏரித் தண்ணீரால் அந்த மையை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஓர் எழுத்துக்கூட அழியாமல் பளிச்சென்று இருந்தது.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை.

தாய்மொழி தமிழ்தான். ஆனால் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. பாதி எழுத்துகளுக்குப் புள்ளி இல்லை. பத்திர எழுத்தர் எழுதிய வேகத்தில் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, மேற்படிக்கு ௸ என்று பல எழுத்துகளைச் சுழித்து ஒன்றாக்கிய குறிகள் வேறு. நிலத்தின் அளவு மா, குழி, மாகாணி என்று போயிற்று. மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு என்று வாய்பாடு நினைவிருக்கிறது, அதன் குறியைப் பார்த்தால் அடையாளம் தெரியவில்லை. பேத்தியைப் பார்த்துச் சிரித்த நானும் அவளைப் போலவே காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஊருக்குப் போனபோது, வயதான பத்திர எழுத்தர் ஒருவரிடம் கொடுத்து, காசு கொடுத்துத்தான் என் தாத்தாவின் தமிழைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

தமிழ் எழுத்து மாறுவது புதிதல்ல. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியில்லாமல் எழுதினார்கள். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு கொண்டுவந்தவர் வீரமாமுனிவர். பெரியார் 1935 முதல் தம் 'குடி அரசு' இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு 1978-ல் ஆணையாக்கியது. அதன் பிறகுதான் 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கையை இழந்தன. நான் இன்றும் கை போகிற போக்கில் தும்பிக்கை போட்டுத்தான் எழுதுகிறேன். பேத்தி அதைப் பார்த்து யானை என்கிறாள்.

மாறுவதில் தவறில்லை. மாறும்போது பழையதைப் படிக்கத் தெரிந்த சிலராவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். இருந்ததால் நாம் பிழைத்ததற்கு ஒரு சாட்சி இங்கிருந்து கொஞ்ச தூரத்திலேயே, பெசன்ட் நகரில் இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் 1943-ல் தொடங்கிய உ.வே.சாமிநாதையர் நூல் நிலையம்தான் அது. ஐயர் 1855-ல் பிறந்தவர். சுவடியைப் பார்த்தே தமிழ் படித்து வளர்ந்த தலைமுறை. ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும் ஓலையில், எது எழுத்து எது கால் என்று பிரித்தறியும் பழக்கம் அவருக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. அதனால்தான் 1887-ல் சீவக சிந்தாமணியும், 1892-ல் சிலப்பதிகாரமும், 1894-ல் புறநானூறும் அவர் பதிப்பில் வெளிவந்தன. இரண்டு தலைமுறை தாமதமாக, அச்சுப் புத்தகத்தை மட்டுமே பார்த்து அவர் வளர்ந்திருந்தால்? கரையானிடமிருந்து தப்பிய ஏடுகளைக்கூட அவ்வளவு சுலபமாகப் படித்திருக்க முடியுமா?

அப்படிப்பட்டவர்கள் போதுமான அளவில் இல்லாமல் போன கதையும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது, அதுவும் எங்கள் தஞ்சாவூரிலேயே. 1676 முதல் 1855 வரை அங்கே ஆண்ட மராட்டியர்கள் அரண்மனைக் கணக்கு வழக்குகளை 'மோடி' என்ற எழுத்தில் எழுதினார்கள். மராத்தியின் கூட்டெழுத்து அது. முதலில் தாளின் குறுக்கே நீளமாக ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். பிறகு பேனாவை எடுக்காமல் எழுத்துகளை அந்தக் கோட்டிலிருந்து தொங்கவிட்டுக்கொண்டே போவார்கள். வேகத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அச்சுக் கோக்க அது ஒத்துவரவில்லை. புத்தகங்கள் தேவநாகரியில் வந்தன, பள்ளிகளும் அதன் பின்னால் போயின. மராத்தி பேசும் மாநிலத்திலேயே இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மோடி வகுப்பறையை விட்டு வெளியேறியது.

விளைவு என்ன? தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் மோடி ஆவணங்கள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. யாருக்கு எவ்வளவு சம்பளம், சத்திரத்தில் எத்தனை பேருக்குச் சாப்பாடு, கோயிலுக்கு என்ன செலவு என்று நம் ஊர்க்காரர்களின் அன்றாட வாழ்க்கை முழுவதும் அவற்றில் இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஒரு பகுதியைத் தமிழாக்கித் தொகுதிகளாக வெளியிட்டது, புண்ணியமான காரியம். மீதி இன்னும் காத்திருக்கிறது. மராத்தி தெரிந்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், மோடி படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். மொழி உயிரோடுதான் இருக்கிறது. கையெழுத்து செத்துப்போனதால் ஆவணம் ஊமையாகிவிட்டது.

ஆங்கிலக் கூட்டெழுத்துக்கும் இது நடக்காது என்று சொல்ல முடியவில்லை. அமெரிக்காவில் 2010-ல் பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட பொதுப் பாடத்திட்டத்தில் கூட்டெழுத்து இடம்பெறவில்லை. பின்லாந்தில் 2016 முதல் அது கட்டாயமில்லை. ஆனால் கலிபோர்னியா 2023-ல் சட்டம் போட்டு, ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகமோ, தங்கள் விடுதலைப் போர் வீரர்களின் ஓய்வூதிய விண்ணப்பங்களைப் படித்து எழுதித் தரக் கூட்டெழுத்து தெரிந்த தன்னார்வலர்களைத் தேடிக்கொண்டிருக்கிறது. ஓய்வூதிய விண்ணப்பம் என்றதும் நம் மாதிரி ஆட்களுக்கு அதன் அருமை புரியும்!

நமக்கும் அப்படி ஒரு பொக்கிஷம் எழும்பூரில் இருக்கிறது, தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கோட்டையின் ரைட்டர்கள் எழுதிக் குவித்த காகிதங்கள் அங்கேதான் இருக்கின்றன. இன்றைய பிள்ளைகளில் யாராவது ஒருவர் நாளை அதைப் படித்து நம் சரித்திரத்தை எழுத வேண்டாமா?

ஆகவே நண்பருக்கு என் பதில் இதுதான். அழகாக எழுதச் சொல்லி மார்க் போட வேண்டாம், ஸ்கேல் வேண்டவே வேண்டாம். இடது கைப் பிள்ளையை அவன் போக்கில் விடுங்கள். யாருக்கு எந்த எழுத்து வேகமாக வருகிறதோ அதில் பரீட்சை எழுதட்டும். ஆனால் கூட்டெழுத்தைப் படிக்க மட்டும் எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள். அதற்கு வருடக்கணக்கில் காப்பி எழுத வேண்டியதில்லை. நாலைந்து வாரம், வாரத்துக்கு இரண்டு பீரியட் போதும். பாடப் புத்தகமும் வேண்டாம், அவரவர் வீட்டிலிருந்து ஒரு பழைய கடிதம் கொண்டுவரச் சொன்னால் போதும். அதோடு தமிழாசிரியர் ஒருநாள் பழைய பத்திரம் ஒன்றின் நகலை வைத்து ௳, ௴, ௵ சொல்லிக் கொடுத்தால் இன்னும் விசேஷம். தறி நெய்யத் தெரியாவிட்டால் பரவாயில்லை சார், கட்டியிருப்பது வேட்டியா துண்டா என்றாவது தெரிய வேண்டுமே!

இதைச் சொல்வதோடு நிற்கவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் பேத்தியை உட்காரவைத்தேன். சின்ன 'ஆர்', சின்ன 'எஸ்' இரண்டும்தான் அவளைப் படுத்தின. மற்றவை நாலே நாளில் வந்துவிட்டன. மூன்றாவது வாரம் அப்பாவின் கடிதத்தை அவளே எடுத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினாள். மழை பெய்ததா, செருப்பு வாங்கிக்கொண்டாயா, அம்மாவுக்கு இருமல் தேவலை என்று போய்க்கொண்டிருந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"தாத்தா, உங்க காலேஜ் ஃபீஸுக்காக நிலத்துல பாதியை வித்துட்டாங்களா?"

அந்த நிலம்தான், 1934 பத்திரத்தில் இருந்த அதே நிலம். இத்தனை வருடத்தில் இதை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வாய் வந்ததில்லை.

"ஆமாம்மா" என்றேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அடுத்த லெட்டர் இருக்கா?" என்று கேட்டாள்.

இருக்கிறது. வெள்ளத்துக்குத் தப்பியவை இன்னும் பதினோரு கடிதங்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கும். கண் தெரிகிற காலத்திலேயே இறக்கி, பேரன் பேத்தி கையில் கொடுத்து, கூட உட்கார்ந்து படியுங்கள்.