ஒட்டுக்கேட்டுக் கத்துக்கிட்ட மொழி: சாம்பாவோட கதை

பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டு, வீட்டுல எல்லாருக்கும் பொதுவான ஸ்டோரேஜா மாத்துறோம்ல? அதுக்குள்ள பெரும்பாலும் ஓடுறது சாம்பா.

1991 கடைசி. கான்பெராவில, ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்துல ஆண்ட்ரூ டிரிட்ஜெல் பிஎச்டி மாணவர். யூனிக்ஸ் மெஷின்ல இருக்கிற ஃபைல்களை டாஸ் கம்ப்யூட்டர்ல இருந்து திறக்கணும். டெக் நிறுவனத்தோட பாத்வொர்க்ஸ் அதைச் செய்யும். ஆனா அது பேசுற புரோட்டோகாலுக்கு அவர் கையில ஆவணம் இல்ல. நெட்வொர்க்ல போற பாக்கெட்டுகளைப் பிடிச்சு, எந்தக் கேள்விக்கு என்ன பதில்னு பார்த்துப் பார்த்தே சர்வரை எழுதினார். விண்டோஸும் அதே மொழிதான் பேசுதுன்னு பிறகுதான் தெரிஞ்சது! சந்தையில நின்னு காதால பாஷை கத்துக்கிற மாதிரிதான் எனக்கு இது படுது.

மைக்ரோசாஃப்ட்டோட ஆவணங்கள் சாம்பா குழுவுக்குக் கிடைக்க வழி பிறந்தது 2007 டிசம்பர்ல, ஐரோப்பிய ஆணைய வழக்குக்கு அப்புறம். கட்டணம் 10,000 யூரோ.